லியோனா அரைத்த குதிரைமுள்ளங்கி

லியோனா பாவ்லிக் எனக்குத் தூரத்து உறவு இல்லை. அவள் அம்மாவும் என் அப்பாவும் அக்காள் தங்கை பெற்ற பிள்ளைகள். பாவ்லிக் என்பது புகுந்த வீட்டுப் பெயர். பிறந்தது அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியை ஒட்டி மாட்டுப் பண்ணை வைத்திருந்த வீட்டில். பிள்ளைகள் நிறைந்த அந்த வீட்டில் கடைசிக்கு முந்தினவள் அவள். கடைசியில் பிறந்தால் செல்லமாவது கிடைக்கும். இவளுக்கு அக்காமார் போட்டுக் கழித்த பாவாடையும் சமையலறை வேலையும்தான் கிடைத்தன. அதனால்தானோ என்னவோ, சின்ன வயசிலேயே கை பக்குவப்பட்டுவிட்டது. எமில் பாவ்லிக்கைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்த முதல் வருஷமே, ஐரோப்பாவில் பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறின எங்கள் கிழவர்கள் ஒவ்வொருவராக ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுப் பின்கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் அந்தக் குதிரைமுள்ளங்கிக்காக.

முள்ளங்கி என்று பெயரே ஒழிய, கடுகை அரைத்து நேராக மூக்குக்குள் வைத்தாற்போல ஏறும் கிழங்கு அது. பன்றிக்கறி வறுவலுக்கும் தொத்திறைச்சிக்கும் அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. முதல் உறைபனி விழுந்து இலை கருகின பிறகுதான் தோண்டவேண்டும். அப்போதுதான் காரம் முழுக்கக் கிழங்குக்கு இறங்கியிருக்கும். வீட்டுக்குள் அரைத்தால் கண் அவிந்துபோகும் என்பதால் பின்வாசலில் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கையரவையில் அரைப்பார்கள். அரைத்ததும் வினிகர் ஊற்றவேண்டும். முன்னால் ஊற்றினால் சப்பென்று போகும், பிந்தினால் கசக்கும். எப்போது ஊற்றுவது என்பது லியோனாவின் கைக்குத் தெரியும். கேட்டால் சொல்லமாட்டாள் என்பதில்லை. சொல்லத் தெரியாது.

எமில் ஒரு வசந்த காலத்தில் போய்ச் சேர்ந்தான். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அந்த வருஷ இலையுதிர்காலம் வந்தபோது லியோனா முதல் தடவையாகத் தனியாக வீட்டைக் குளிருக்குத் தயார் செய்யவேண்டி வந்தது. செப்டம்பர் கழிந்தால் எங்கள் தெருவில் ஒருத்தரும் சும்மா இருக்க முடியாது. மேப்பிள் இலையை வாரித் தெருவோரம் குவிக்கவேண்டும், கூரையோரத் தகரக் கால்வாயில் அடைத்த இலையை எடுக்கவேண்டும், தோட்டத்துக் குழாயில் தண்ணீரை வடித்துவிடவேண்டும், இரட்டை ஜன்னல் மாட்டவேண்டும், ரோஜாச் செடிக்கு இலை மூடாக்குப் போடவேண்டும். இத்தனையும் எமில் பார்த்த வேலை.

எமிலின் தம்பி ஆர்லன் மனைவி வெர்னாவோடு அடுத்த தெருவில் இருந்தான். அண்ணன் உயிரோடு இருந்தபோது ஏணி தூக்கக் கூப்பிட்டால் முதுகு வலிக்கிறது என்பான். அண்ணன் போன பிறகு கூப்பிடாமலே வந்தான். கால்வாயைச் சுத்தம் செய்தான், ஜன்னல் மாட்டினான். கடைசியாகக் கார் ஷெட்டின் பின்சுவரில் வண்ணம் உரிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணி, இத இப்படியே விட்டா பலகை உளுத்துப்போயிரும். பனி விழறதுக்குள்ள சுரண்டி ஒரு பூச்சு பூசிரலாம்."

"உனக்கு எதுக்குப்பா அந்தப் பாடு? ஏணில இருந்து விழுந்து வச்சா வெர்னாவுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் விழுந்தா அவ சந்தோஷப்படுவா. தொலைக்காட்சி அவ கைக்கு வந்துருமே."

அந்தச் சுவரை ஒட்டித்தான் லியோனாவின் குதிரைமுள்ளங்கிப் பாத்தி. ஏணி நிற்க இடம் வேண்டுமே என்று ஆர்லன் அரிவாளை எடுத்து, சுவரோரம் இருந்த செடி கொடியெல்லாம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தரையோடு தரையாக வெட்டி, அள்ளி இலைக் குவியலில் போட்டுவிட்டான். லியோனா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எப்படியும் உறைபனியில் கருகின செடிகள்தானே என்று பேசாமல் இருந்துவிட்டாள். சுவருக்கு வெள்ளைப் பூச்சு அடித்து முடித்து ஆர்லன் போனதும், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தி முழுக்கக் கொத்திப் புரட்டினாள். எமில் இருந்தால் அவன் தோண்டுவான், இவள் அரைப்பாள். இந்த முறை தோண்டினதும் அவள், கழுவினதும் அவள், தோல் சீவினதும் அவள். கழுவுகிற தொட்டியில் கை வைத்ததுமே கண்ணில் நீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அரைத்து முடிக்கிறவரை நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் போனவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். பாட்டில்களில் அடைத்து, ஒன்றைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றி, ஷெட்டுக்கு வண்ணம் பூசினதற்காக அன்று மாலையே ஆர்லன் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மற்றதெல்லாம் தேவாலயத்து அறுவடை விருந்துக்கு.

அறுவடை விருந்து எங்கள் ஊருக்குப் பெரிய நாள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து தேவாலயத்து அடித்தள மண்டபத்தில் சாப்பாடு நடக்கும். பன்றிக்கறி, மாவுருண்டை, புளித்த முட்டைக்கோஸ், பழம் வைத்த இனிப்பு ரொட்டி. வெளியே புல்வெளியில் யார் வீட்டுப் பூசணி பெரிசு என்று எடை போடுவார்கள். யாராவது அக்கார்டியன் வாசிப்பார்கள். மேஜைக்கு மேஜை கிண்ணத்தில் லியோனாவின் குதிரைமுள்ளங்கி இருக்கும். அடுக்களைப் பொறுப்பு ஆர்லன் மனைவி வெர்னாவுடையது. வெர்னாவுக்கும் லியோனாவுக்கும் பேச்சு வார்த்தை உண்டு, ஆனால் மனசு ஒட்டாது. ஓரகத்திகளுக்குள் அப்படித்தான். வெர்னா நல்ல சமையல்காரிதான். இருந்தாலும் ஊர் யாருடைய கையைப் புகழ்ந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாட்டில்களை மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு லியோனா வீட்டுக்குத் திரும்பி, சாப்பாட்டுக்குப் போகிறதற்கு முன்னால் மீதி இலையை வாரிவிடலாம் என்று கொல்லையில் இறங்கினாள். பக்கத்து வீட்டு ட்ரேசி வேலியோரம் வந்து நின்றாள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்த பெண். தோட்டப் பைத்தியம்.

"லியோனா, ஒரு உதவி கேக்கட்டுமா? நான் உங்களுக்கு ஒரு நீலப் பூச்செடி குடுத்தேனே, நினைவிருக்கா? என்னோடது தண்ணி தேங்கி அழுகிப்போச்சு. உங்ககிட்டேருந்து ஒரு கிழங்கு திருப்பி எடுத்துக்கலாம்னு வந்தேன்."

"எந்த நீலப் பூ?"

"முக்காடு போட்ட மாதிரி இருக்குமே. கோடைக் கடைசியில கொத்துக்கொத்தாப் பூக்குமே. ஷெட்டுக்குப் பின்னாடி வச்சீங்களே." ட்ரேசி எட்டிப் பார்த்தாள். "அட, சுவரெல்லாம் பளிச்சுன்னு ஆயிருச்சே! செடியை இடம் மாத்திட்டீங்களா? கையுறை போட்டுக்கிட்டுத்தானே தோண்டினீங்க? கிழங்குதான் ரொம்ப விஷம்னு அப்பவே சொன்னேன்."

முக்காட்டுப் பூ என்பது வச்சநாபி ஜாதி. வேர், இலை, பூ எல்லாம் விஷம். அதற்கு மருந்து என்று ஒன்று கிடையாது. லியோனாவுக்கு அது ஒரு அழகான பூ, அவ்வளவுதான். நட்டதோடு மறந்தும்போனாள். இப்போது சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை புரட்டிப் போட்ட மண். எங்கே குதிரைமுள்ளங்கி முடிந்தது, எங்கே நீலப் பூ தொடங்கியது என்று காட்ட ஒரு காம்புகூட மிச்சமில்லை. அடியில் அவள் ஒரு கிழங்கையும் விட்டுவைக்கவில்லை.

"அப்புறம் வாம்மா," என்று மட்டும் ட்ரேசியிடம் சொன்னாள். இலை வாரியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

மண்டபத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மேலே அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் கீழே இருக்கும்போது யார் எடுப்பது? சேறு அப்பின காலணியோடே காரில் ஏறினாள். போகிற வழியில் என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே போனதாக அவளே பிறகு என்னிடம் சொன்னாள். விஷம் என்று சொன்னால் இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். வினிகர் கெட்டுப்போச்சு என்று சொல்லி எல்லாக் கிண்ணத்தையும் திரும்ப வாங்கிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அப்படியே செய்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் படி இறங்கினாள்.

அடுக்களையில் வெர்னா மாவுருண்டையை நூலால் அறுத்துக்கொண்டிருந்தாள். லியோனாவின் காலணியைத்தான் முதலில் பார்த்தாள்.

"வயல்லேருந்தா வர்ற? இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

"வெர்னா, என் பாட்டில் எல்லாம் எங்க? வினிகர் கெட்டுப்போயிருக்கு. எடுத்துரு. யாருக்கும் வைக்காத."

"கெட்டுப்போச்சா? நான் இப்பத்தான் மூடியைத் திறந்து மோந்து பாத்தேன். நெத்தி வரைக்கும் ஏறிச்சு. மேஜையில எல்லாம் வச்சாச்சு."

"எடுத்துரு வெர்னா, சொல்றேன்ல."

"இதோ பாரு, உன்னை எல்லாரும் கும்பிட்டுக் கேக்கணும்னா அடுத்த வருஷம் வச்சுக்கோ. இப்ப சனங்க தட்டோட உக்காந்துட்டாங்க. எனக்கு வேலை கிடக்கு, நகரு."

மண்டபத்தில் பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்திருந்தார். தட்டுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒரு மேஜையில் ஆகஸ்ட் என்கிற கிழவர் கிண்ணத்தில் கரண்டியை விட்டு எடுத்தார். லியோனாவுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. அடுக்களை வாசலில் நின்றே கத்தினாள்.

"யாரும் குதிரைமுள்ளங்கிய தொடாதீங்க! அதுல விஷம் இருக்கு!"

முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. "எமில் இத்தனை வருஷம் அதைத்தானே தின்னான்!" என்று யாரோ சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் சிரிப்பு. லியோனா ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கிண்ணத்தைக் கையால் மூடிமூடி எடுக்க ஆரம்பித்ததும்தான் மண்டபம் அடங்கியது. அக்கார்டியன் நின்றது. தாய்மார்கள் பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். எடுத்துக்கொண்டே அவள் சொன்னாள். நீலப் பூச்செடி, வெட்டின காம்பு, புரட்டின மண் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கைதான் அரைத்தது என்றும் சொன்னாள். ஆகஸ்ட் கிழவர் மாத்திரம் ஏற்கெனவே ஒரு வாய் விழுங்கியிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையேம்மா. நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்," என்றார். அவருக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பாட்டிலில் எந்தக் கிழங்கு போயிற்று என்பதை யாராலும் சொல்லமுடியாது அல்லவா?

வெர்னா கையில் நூலோடு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றிருந்தாள்.

"லியோனா," என்றாள். குரல் மாறியிருந்தது. "எங்க வீட்டுக்குக் குடுத்தியே ஒண்ணு."

லியோனா நினைத்ததெல்லாம் மண்டபத்துப் பாட்டில்களைத்தான். துணியில் சுற்றிக் கொடுத்தது அவள் நினைவுக்கே வரவில்லை.

"ஆர்லன் எங்க?"

"வீட்டுல. டிவியில பேக்கர்ஸ் கால்பந்தாட்டம் முடிஞ்சப்புறம் வர்றேன்னார். தொத்திறைச்சி சுட்டு, உன் பாட்டிலை இன்னைக்குத்தான் பிரிச்சு வச்சுட்டு வந்தேன்."

இரண்டு பேரும் மேலே அலுவலகத்துக்கு ஓடினார்கள். வெர்னா சொல்லச் சொல்ல லியோனா எண்ணைச் சுழற்றினாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு எடுத்தான். பின்னால் தொலைக்காட்சி இரைச்சல் கேட்டது.

"அண்ணியா? நினைச்சேன், கூப்பிடுவீங்கன்னு. இந்த வருஷச் சரக்கு பலே காரம் போங்க. உதடு இருக்கிற இடமே தெரியலை." வார்த்தை கொழகொழவென்று வந்தது. "விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி... நாக்கு..."

"ஆர்லன், அதைக் கீழ வை. எவ்வளவு தின்ன?"

"எவ்வளவுன்னா... ரொட்டி முழுக்கத் தடவித்தான். நீங்க செஞ்சதாச்சே."

அதற்கப்புறம் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. தொலைபேசி எங்கேயோ இடித்துக்கொள்கிற சத்தமும் கேட்டது.

எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் சம்பளக்காரர்கள் இல்லை. மண்டபத்தில் பன்றிக்கறித் தட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான். நாப்கின் சட்டையில் தொங்கத் தொங்க எழுந்து ஓடினார்கள். ஆர்லன் சமையலறைத் தரையில் கிடந்தான். முழித்துக்கொண்டுதான் இருந்தான், கைகால் சொன்னபடி கேட்கவில்லை. நெஞ்சு ஒரு தடவை குதிரைபோல ஓடும், அப்புறம் நின்றுபோகும், அப்புறம் ஓடும். கிரீன்பே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இரண்டு முறை நெஞ்சு நின்று, தட்டித் திரும்ப ஓடவைத்தார்களாம்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு. லியோனாவின் காலணிச் சேறு காய்ந்து தரையில் உதிர்ந்தது. அவள் குனிந்து அதைக் கையால் கூட்டிக்கூட்டி எடுத்துப் பையில் போட்டாள்.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று லியோனா தொடங்கினாள்.

"பேசாத," என்றாள் வெர்னா.

கொஞ்சம் கழித்து வெர்னாவே பேசினாள். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நானும் வருஷா வருஷம் அரைக்கிறேன். ஐஸ்பெட்டியில இப்பவும் இருக்கு. ஒரு நாளும் அவர் தொட்டதில்லை. அண்ணி செஞ்சாத்தான் அவருக்கு இறங்கும்."

லியோனா அந்த வார்த்தையை எத்தனையோ முறை என்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். வெர்னா அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்பாள்.

ஆர்லன் பிழைத்தான். விஷம் வடிகிறவரை நெஞ்சை ஓடவைத்துக்கொண்டே இருந்தார்கள். ஓடிவிட்டது. மஞ்சளாக, மெலிந்து, ஒரு வாரம் கழித்து வீடு வந்தான். பார்க்கப் போன லியோனா வாசலைத் தாண்டாமல் நின்றாள்.

"உள்ள வாங்க அண்ணி. எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சுக்கிறீங்க? எல்லாத்தையும் தரையோட வெட்டினது யாரு? நான்தானே. காம்பு ஒண்ணு நின்னிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"செடியை நட்டது நான்தானே ஆர்லன். தோண்டினதும் நான்."

"சரி, பங்கு போட்டுக்குவோம். பாதி பாதி."

வெர்னா உள்ளறையிலிருந்து வரவில்லை.

லியோனா பாட்டில்களையும் கிண்ணத்தில் இருந்ததையும் மூடிக் கட்டி ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கில் ஆழமாகப் புதைக்கச் சொன்னாள். பாத்தியை மண்ணோடு அள்ளி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜல்லி கொட்டினாள். ட்ரேசி அழுதுகொண்டு வந்து மன்னிப்புக் கேட்டாள். லியோனாவுக்கு அவளிடம் கோபமில்லை. ஊரிலும் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படி நேராகச் சொல்லிவிட்டால் எவ்வளவோ தேவலை. வந்து நலம் விசாரிப்பார்கள், இலை வாரிக் கொடுப்பார்கள். துக்க வீட்டுக்கு அவள் ரொட்டி சுட்டு எடுத்துப் போனால், நன்றி சொல்லி வாங்கி வைப்பார்கள். அடுத்த நாள் அது அப்படியே பறவைக்குப் போடப்பட்டிருப்பதை அவளே பார்த்திருக்கிறாள். மதுக்கடையில், லியோனா வீட்டு விருந்துக்குப் போனால் உயிலை எழுதிவிட்டுப் போ என்று ஒரு நையாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷ அறுவடை விருந்துக்கு அடுக்களைப் பெண்கள் அவளிடம் என்ன கொண்டுவரச் சொன்னார்கள் தெரியுமா? காகிதத் தட்டு. வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். மேஜையில் கிண்ணம் இருந்தது, வெர்னா அரைத்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அவளால் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது ஒன்று உண்டு.

ஆர்லன் வருவதை நிறுத்தவில்லை. நெஞ்சில் சின்ன இயந்திரம் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தரையில் நின்றபடி நீளக் கழியால் கால்வாய் இலையைத் தள்ளுவான், ரோஜாவுக்கு மூடாக்குப் போடுவான். வேலை முடிந்தால் சமையலறை மேஜையில் வந்து உட்காருவான். அவள் காபி போட்டு வைப்பாள். அவன் பேசுவான், சிரிப்பான், பேக்கர்ஸ்காரர்களைத் திட்டுவான். கோப்பையைக் கையில் எடுத்துச் சூடு பார்ப்பான், திரும்ப வைப்பான். போகும்போது கோப்பை நிரம்பியே இருக்கும், மேலே ஆடை படிந்து.

"காபி ஆறிப்போச்சேப்பா, வேற போடட்டுமா?"

"வேணாம் அண்ணி, வீட்டுலேயே குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே குடித்துவிட்டு வந்தான். கோபம் துளி இல்லை அவனுக்கு. கேட்டால் சத்தியம் செய்வான், உண்மையாகவே செய்வான். மனசு மன்னித்துவிட்டது, தொண்டை மன்னிக்கவில்லை. அது அவளுக்குப் புரிந்தது. ஒரு நாளும் கேட்கவில்லை. அவன் போன பிறகு ஜன்னலருகே நின்று காபியைத் தொட்டியில் ஊற்றுவாள். ஒரு இலையுதிர்காலம் முழுக்க இப்படி நடந்தது.

அதற்கடுத்த அக்டோபரில் நான் அங்கே இருந்த ஒரு சாயங்காலம், ஆர்லன் கொல்லையில் கடைசி இலையை வாரிக் கட்டிவிட்டு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து உட்கார்ந்தான். லியோனா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்து, கடையில் வாங்கின சோடா டின் ஒன்றை எடுத்து, மூடி மேல் படிந்த ஈரத்தை இடுப்பில் கட்டின ஏப்ரன் துணியால் துடைத்து, அப்படியே அவன் முன்னால் வைத்தாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆர்லன் டின்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. பிறகு வளையத்தை இழுத்தான். புஸ்ஸென்று சத்தம் வந்தது. தலையை அண்ணாந்து, மூச்சு விடாமல், மிச்சமில்லாமல் குடித்தான்.

"இன்னொண்ணு இருக்கா அண்ணி?" என்றான்.

"இருக்கு," என்றாள். "உனக்காகத்தான் வாங்கி வச்சேன்." இன்னொன்றை எடுத்து வந்து, திறக்காமலே, அவன் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தாள்.